வருஷச் செலவுக்கு மாசம் ஒரு பங்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



வீட்டுச் செலவை எப்படித் தலைப்புப் போட்டுப் பிரிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவில் ரெண்டாவது பிரதிநிதி. நோட்டு எழுதுறது என் வேலை. அந்த நோட்டு எழுதி எழுதித்தான் இந்த யோசனையே எனக்கு வந்தது. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் மகளிர் குழுக்கள் முதன்முதலா அரசாங்கத் திட்டமாத் தொடங்கினது. அப்போ நான் கைக்குழந்தை. அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் குழுன்னா அஞ்சு விஷயம் சொல்லிக் கொடுக்கிறாங்க. தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, உள் கடன், தவறாம திருப்பிக் கட்டுறது, ஒழுங்கான கணக்கு. இந்த அஞ்சையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். குழுப் பணத்தில் ஒரு ரூபாய் இடிச்சாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுவோம். ஆனா நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கான்னு கேட்டா, பாதிப் பேர் வீட்டில் இருக்காது. இருக்கிற வீட்டிலும் மளிகைக் கடை பாக்கி நோட்டுதான் இருக்கும்.

ஒரு நாள் எங்க குழுவோட உள் கடன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கடனுக்கும் எதுக்கு வாங்குறோம்னு காரணம் எழுதியிருப்போம் இல்லையா, அதை மட்டும் வரிசையாப் படிச்சேன். பிரசவம், ஆஸ்பத்திரி, மாடு வாங்க, போர் மோட்டார் ரிப்பேர், இதெல்லாம் இருந்தது. ஆனா பாதிக்கு மேல வேற காரணம். ஜூன் மாசம் ஸ்கூல் செலவு. தீபாவளிச் செலவு. மாரியம்மன் பண்டிகைச் செலவு. அண்ணன் மக கல்யாணத்துக்கு மொய். இதில் எது நமக்குத் தெரியாம வந்தது? தீபாவளி எந்தத் தேதின்னு ஜனவரி மாசம் மாட்டுற காலண்டரிலேயே சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. ஸ்கூல் வருஷா வருஷம் ஜூன்லதான் திறக்குறாங்க. வர்றது தெரிஞ்சும், வந்து நின்னதுக்கு அப்புறம்தான் கடனுக்கு ஓடுறோம்.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன். அவங்க இந்தக் கூட்டத்தில்தான் இருக்காங்க. "தாராளமாச் சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்"னு அவங்களே சொன்னதால சொல்றேன். ஒரு தீபாவளிக்கு அவங்க தண்டல் வாங்கினாங்க. பேருக்கு 10,000. பிடிச்சது போகக் கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். தீபாவளி முடிஞ்சதும் மழை பிடிச்சுக்கிச்சு. வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை இல்லை. வாசல்ல தண்டல்காரர் வந்து நிக்கிறார். அந்த 100 ரூபாயைக் கொடுக்கிறதுக்காகத் தோட்டை அடகு வெச்சாங்க. மீட்க முடியாம வட்டி ஏறி, கடைசியில் அது ஏலத்துக்குப் போயிடுச்சு. அவங்க அம்மா போட்ட தோடு அது.

இப்போ கணக்கைப் பாருங்க. அந்தத் தீபாவளிக்கு அவங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது 7,500. அதைப் பன்னிரண்டால் வகுத்தா மாசம் 625. ஒரு நாளைக்கு 21 ரூபாய். முன்னாடியே எடுத்து வெச்சிருந்தா நாளைக்கு 21 ரூபாய். பின்னாடி கட்டினது நாளைக்கு 100 ரூபாய், அதோட ஒரு ஜோடித் தோடு. செலவு ஒண்ணுதான். அதுக்குப் பணம் எப்போ ஒதுக்குறோம் என்கிறதுலதான் இவ்வளவு வித்தியாசம்.

அதனால வீட்டுச் செலவுக்குத் தலைப்புப் போடும்போது பொருளை வெச்சுப் போடாதீங்க. பயிற்சியில் கொடுக்கிற சில நோட்டுகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, துணி, மருந்துன்னு முப்பது கட்டம் இருக்கும். ரெண்டு வாரம் எழுதுவோம், அப்புறம் அந்த நோட்டில் பிள்ளைங்க படம் வரையும். ஒரு கை விரலுக்கு மேல தலைப்பு வேண்டாம். அந்தச் செலவு எப்போ வரும், எவ்வளவு வரும்னு நமக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் கேட்டுப் பிரிங்க. எங்க வீட்டு நோட்டில் அஞ்சு தலைப்பு இருக்கு.

முதல் தலைப்பு "கட்டணும்". தேதியும் தெரியும், தொகையும் தெரியும். குழுச் சேமிப்பு, கடன் தவணை, கேபிள், போன் ரீசார்ஜ் எல்லாம் இதில்.

ரெண்டாவது "சாப்பாடு". தினமும் வரும். ஆனா கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

மூணாவது "வருஷம்". தேதி தெரியும், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் வரும். ஸ்கூல், தீபாவளி, பொங்கல், ஆடிப் பதினெட்டு, ஊர்ப் பண்டிகை, மொய், வீட்டு வரி.

நாலாவது "திடீர்". தேதியும் தெரியாது, தொகையும் தெரியாது. காய்ச்சல், பல் வலி, காத்துக்கு ஓடு பறக்கிறது, சாவுக்குப் போறது.

அஞ்சாவது "கைச்செலவு". வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தொகை. அதுக்கு யாரும் யாரையும் கணக்குக் கேட்கக் கூடாது.

ஒரே பொருள் ரெண்டு தலைப்பில் வரலாம், அதில் குழப்பம் வேண்டாம். மாசா மாசம் வாங்குற எண்ணெய் "சாப்பாடு". தீபாவளிக்கு முறுக்கு சுட வாங்குற எண்ணெய் "வருஷம்". இப்படிப் பிரிக்கலைன்னா தீபாவளி மாசத்தில் மளிகைக் கணக்கு ஏறி நிக்கும். ஏன் ஏறிச்சுன்னே தெரியாம நம்ம கையைத்தான் நாமே திட்டிக்குவோம்.

சரி, தொகை எவ்வளவுன்னு கேட்பீங்க. எங்க வீட்டுக் கணக்கை மறைக்காமச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவார். அவர் சாப்பாடு, ரூம் செலவு போக மாசம் 14,000 வீட்டுக்குத் தருவார். பால் பணத்தில் மாட்டுச் செலவு போக 3,000 நிக்கும். மகளிர் உரிமைத் தொகை 1,000. மொத்தம் 18,000. வீட்டில் அத்தை, நான், ரெண்டு பிள்ளைங்க. அவர் வந்தா அஞ்சு பேர்.

"கட்டணும்" தலைப்பில்: குழுச் சேமிப்பு 200, கடன் தவணை 2,500, கேஸுக்கு 600, கரண்டுக்கு 200, ரெண்டு போனுக்கு 600, கேபிள் 150, பொண்ணு பேரில் தபால் ஆபீஸ் மாதச் சேமிப்பு 500. ஆக 4,750. கேஸ் ஒரு சிலிண்டர் எங்களுக்கு ஒண்ணரை மாசம் வரும். வாங்கும்போது 900 ரூபாய் ஆகுதுன்னு வெச்சு மாசம் 600 ஒதுக்குறேன். கரண்டு பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது. முதல் 100 யூனிட் இலவசம் போக எங்களுக்கு 400 வரும், அதனால மாசம் 200. பில் வராத மாசமும் அந்த 200 போயே ஆகணும். இதுதான் முக்கியம்.

"சாப்பாடு": மளிகை 3,600, காய்கறி 1,700, கறி, மீன், முட்டை 1,200. ஆக 6,500. அரிசி ரேஷன்ல வருது. கேழ்வரகு நம்ம நிலத்துல விளையுது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அதை விட்டுட்டா வெளியில் பல மடங்கு கொடுக்கணும். அதனால ரேஷன் வாங்குற பணத்தைத் தனியா முடிச்சுப் போட்டு வெச்சிருப்பேன்.

"வருஷம்" தலைப்புக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலண்டரை எடுத்து வெச்சுக் கணக்குப் போட்டோம். ஸ்கூல் திறக்க 5,000. புத்தகம், நோட்டு, சீருடை அரசாங்கம் கொடுத்தாலும் ஷூ, டிபன் டப்பா, கைடு, பஸ் செலவுன்னு வரும். ஆடிப் பதினெட்டு 1,500. தீபாவளி 7,500. பொங்கல் 3,000. மாரியம்மன் பண்டிகைக்கு வரியும் விருந்துமா 4,000. மொய் 8,000. காப்பீடும் வீட்டு வரியும் 1,500. ஓடு மாத்துறது, வெள்ளையடிக்கிறது, குலதெய்வக் கோயிலுக்குப் போறது 5,500. எல்லாம் கூட்டினா 36,000. பன்னிரண்டால் வகுத்தா மாசம் 3,000.

இதில் மொய்க்கு மட்டும் ஒரு வழி சொல்றேன். மொய் நோட்டை எடுத்துப் பாருங்க. நமக்கு யார் யார் எவ்வளவு வெச்சாங்கன்னு அதில் இருக்கு. அவங்க வீட்டில் எந்தப் பொண்ணுக்கு, எந்தப் பையனுக்கு இந்த வருஷம் பார்க்கிறாங்கன்னு நம்மை விட யாருக்குத் தெரியும்? வரப்போற மொய்ச் செலவு முக்கால்வாசி அந்த நோட்டிலேயே எழுதியிருக்கு.

காப்பீட்டுக்கும் ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கில் பிடிக்கிற உயிர்க் காப்பீட்டுக்கு வருஷம் 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20. மே மாசக் கடைசியில் தானா எடுப்பாங்க. அந்த நேரத்தில் கணக்கு காலியா இருந்தா காப்பீடு நின்னு போயிடும். ஆளுக்கு 456 ரூபாயை மே மாசம் பிறக்கிறதுக்கு முன்னாடியே கணக்கில் விட்டு வையுங்க.

"திடீர்" மாசம் 1,750. "கைச்செலவு" 2,000. அதில் அவருக்கு 800, அத்தைக்கு 300, எனக்கு 300, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் 600. 4,750, 6,500, 3,000, 1,750, 2,000. கூட்டினா 18,000 சரியா வரும்.

எனக்குன்னு 300 எதுக்குன்னு கேட்கிறவங்க இருப்பாங்க. அக்கா, அது நமக்கு வேணும். பூவோ, வளையலோ, அம்மா வீட்டுக்குப் போகும்போது வாங்கிட்டுப் போற பழமோ, அதுக்கெல்லாம் நாம மளிகைக் காசில்தான் கை வைக்கிறோம். தனியா ஒரு தொகை இருந்தா மளிகைக் கணக்கும் சுத்தமா இருக்கும், நம்ம மனசும் சுத்தமா இருக்கும். அதே மாதிரி வீட்டுக்காரருக்கும் ஒரு தொகை. அவரிடம் "என்ன செலவு பண்ணினீங்க"ன்னு தினம் கேட்டா சண்டைதான் வரும். "இது உங்க பங்கு, இதுக்கு நான் கேட்க மாட்டேன். மத்த நாலுலயும் நீங்க கை வைக்கக் கூடாது"ன்னு சொன்னா, ஒரு எல்லை வருது. எல்லா வீட்டிலும் இது நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். குடிக்கிறவர் இருக்கிற வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். அங்கே பணத்தை வீட்டில் வைக்காம இருக்கிறதுதான் முதல் வேலை.

மாட்டுக்குத் தனி நோட்டு. இதை அழுத்திச் சொல்றேன். பால் பணத்தை முழுசா வருமானம்னு நினைக்கக் கூடாது. நான் நாளைக்கு 6 லிட்டர் ஊத்துறேன். லிட்டருக்கு 35 ரூபாய்னு வெச்சா மாசம் 6,300. அதில் தவிடு, புண்ணாக்கு, தீவனம், டாக்டர் செலவு 3,300 போயிடுது. மிச்சம் 3,000 மட்டும்தான் வீட்டு நோட்டுக்கு வரணும். தையல் மிஷின் வெச்சிருக்கிறவங்க, பொட்டிக்கடை வெச்சிருக்கிறவங்களும் இப்படித்தான். கடைக்காசில் வீட்டுக்குச் சோப்பு எடுத்தா, அந்தச் சோப்புக்கு வீட்டு நோட்டில் எழுதி, கடைக்குக் காசு போடணும். இல்லைன்னா மாடு நமக்குச் சோறு போடுதா, நாம மாட்டுக்குச் சோறு போடுறோமான்னே தெரியாது.

பணத்தை எங்கே வைக்கிறது? கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமான மொய்க் கவர் எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதில் மூணு எடுத்து மேலே பேர் எழுதுங்க. "கட்டணும்", "சாப்பாடு", "கைச்செலவு". இந்த மூணு மட்டும் வீட்டில் இருக்கட்டும். "வருஷம்", "திடீர்" ரெண்டும் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தா கேட்டு வர்ற சொந்தக்காரருக்கு இல்லைன்னு சொல்ல நமக்கு வாய் வராது. உரிமைத் தொகை என் கணக்கில் வருது. அந்த 1,000 ரூபாயை நான் எடுக்கிறதே இல்லை, அது "வருஷம்" தலைப்புக்குன்னு அங்கேயே கிடக்கும். கூட 2,000 போட்டு 3,000 ஆக்கிடுவேன். உரிமைத் தொகை வராதவங்க குழுவில் பேசித் தீர்மானம் போட்டு, சந்தாவோட சேர்த்து ஒரு சிறப்புச் சேமிப்பாக் கட்டலாம். எங்க குழுவில் இப்போ ஆறு பேர் அப்படிக் கட்டுறாங்க. தோடு போன அக்காவும் அதில் ஒருத்தர். மாசம் 500 கட்டுறாங்க. தோடு திரும்பி வரலை. ஆனா போன தீபாவளிக்கு அவங்க வாசல்ல தண்டல்காரர் வரலை.

எங்க அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சு தலைப்பைச் சொன்னதும், "இதென்ன புதுசா? நாங்க கேழ்வரகை மூணு பானையில் போடுவோம். ஒண்ணு திங்கிறதுக்கு, ஒண்ணு சாமிக்கும் விருந்தாளிக்கும், ஒண்ணு விதைக்கு. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைக் கேழ்வரகை அரைச்சுக் களி கிண்ட மாட்டோம்"னாங்க. இதை விடத் தெளிவா எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. "வருஷம்" தலைப்புதான் நம்ம விதைப் பானை. அதில் கை வெச்சா அடுத்த வருஷத்துக்கு விதை இல்லை, கடன்தான்.

வருமானம் குறையுற மாசம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தா வேலை இருக்காது. மாடு சினையா இருந்தா பால் இருக்காது. அப்போ எதைக் குறைக்கிறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வெச்சிருக்கேன். முதல்ல கைச்செலவைக் குறைக்கணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. அடுத்தது சாப்பாட்டில் கறிச் செலவு. அதுக்கு அடுத்தது "வருஷம்". அதைப் பாதியாக்கலாம், 200 ரூபாயாக்கூட ஆக்கலாம், ஆனா பூஜ்யம் ஆக்கக் கூடாது. கடன் தவணையைக் கடைசி வரைக்கும் தொடக் கூடாது. கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, தேதி தாண்டுறதுக்கு முன்னாடியே குழுவில் வாயைத் திறந்து சொல்லணும். பொம்பளைங்க நாம பதினாலு பேர் சேர்ந்து உட்கார்றதே அதுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் ஒளிவுமறைவில்லாமச் சொல்லணும். நோட்டுப் போட்டா பணம் பெருகாது. 9,000 வருமானத்தில் 18,000 செலவு இருக்கிற வீட்டுக்கு எந்தத் தலைப்பும் உதவாது. அங்கே வேலை வேணும், கூலி நேரத்துக்கு வரணும். அதுக்கு நாம கூட்டமைப்பாப் போய்க் கேட்கணும். நோட்டு என்ன செய்யும்னா, குறையுறது எவ்வளவு, எந்த மாசத்தில்னு காட்டிக் கொடுக்கும். "பத்தலை"ன்னு சொல்றதுக்கும், "ஜூன்ல 5,000 குறையுது"ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டாவதைச் சொன்னா வழி தேடலாம்.

எங்க பொண்ணு இப்போ பதினொண்ணாவது படிக்கிறா. ஞாயித்துக்கிழமை ராத்திரி அவதான் நோட்டைப் படிச்சுக் காட்டுவா. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சுக் கல்லூரி போற பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்குது. ஆனா அது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். சேர்றதுக்கு முன்னாடி கட்டணம், பஸ், துணின்னு கையில் இருக்கணும். அந்த ஜூன் மாசம் எனக்கு இப்பவே தெரியும். அதுக்குத்தான் தபால் ஆபீஸில் 500 போய்க்கிட்டிருக்கு. பணம் இல்லைங்கிற காரணத்தால அவ படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போகக் கூடாது. என் நோட்டு முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான்.

இன்னைக்கு வீட்டுக்குப் போய் அஞ்சு தலைப்பும் போடுங்கன்னு நான் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. காலண்டரை இறக்கி, பிள்ளைங்களைப் பக்கத்தில் உட்கார வெச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவை மட்டும் வரிசையா எழுதுங்க. கூட்டுங்க. பன்னிரண்டால் வகுங்க. அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படாதீங்க. முழுசா முடியலைன்னா கால்வாசியில் ஆரம்பிங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தத் தாளை மடிச்சு எடுத்துட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, பிரதிநிதிகள் நாங்க எழுதித் தர்றோம்.